மருத்துவமனைக்கு மாத மகமை: வட சென்னை வணிகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

வண்ணாரப்பேட்டை, இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பகுதிகளின் வணிகர் சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தண்டையார்பேட்டையில் அறக்கட்டளை ஒன்று நடத்திவரும் சிறிய மருத்துவமனையின் வரவு செலவுக் கணக்கை, வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றது முதல் ஊதியமின்றிப் பார்த்துவருகிறேன். இவ்வாண்டுப் பொதுக்குழுவில் எங்கள் மருத்துவமனைக்கு நன்கொடை தருவது குறித்துப் பேசவிருப்பதாகவும், மாடியில் புதிய பிரிவு ஒன்று கட்டித் தருவதா, டயாலிசிஸ் கருவிகள் வாங்கித் தருவதா என இரண்டு யோசனைகள் இருப்பதாகவும் உங்கள் நிர்வாகிகள் சிலர் தெரிவித்தார்கள். நாங்கள் கேட்காமலே கொடுக்க முன்வந்திருக்கிறீர்கள். அதற்கு எங்கள் மனமார்ந்த நன்றி. அந்த உரிமையில்தான் வேறொன்றைக் கேட்கிறேன். கட்டடமும் கருவியும் இப்போதைக்கு வேண்டாம். அன்றாடச் செலவுக்கென்று, மாதந்தோறும் தவறாமல் வரும் ஒரு தொகையை, வணிகர்கள் விற்பனையில் ஒரு பங்கை அறப்பணிக்கு எடுத்துவைக்கும் மகமை முறையில், குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குத் தாருங்கள். இதை உங்கள் அலுவலகத்துக்குத் தனிக் கடிதமாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், வட சென்னையில் எங்களைப் போல நடக்கும் பிற அறக்கட்டளை மருத்துவமனைகளின் கணக்கிலும் இதே இடத்தில்தான் துண்டு விழுகிறது என்பதை, அவற்றின் பொருளாளர்களோடு பேசிப் பழகியதில் நான் அறிந்திருப்பதுதான்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது இன்னொரு மருத்துவமனை எதற்கு என்று உங்களில் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பெரிய அறுவைச் சிகிச்சைக்கும், விபத்துக்கும், மாரடைப்புக்கும் ஸ்டான்லிதான் எங்களுக்கும் துணை. அங்கே அனுப்ப வேண்டியவரை ஒரு மணி நேரம்கூட நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்தும் ஆந்திர எல்லையிலிருந்தும் நோயாளிகள் வந்து குவியும் ஓரிடத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கும் ஒருவர் காலையில் வரிசையில் நின்றால், அன்றைய கூலி போய்விடும். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரும், காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்குக் கூடை சுமக்கும் அம்மாவும், எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளில் நாள் முழுவதும் நின்றபடி வேலை செய்யும் பெண்களும் கூலியை விட்டுவிட்டு மருந்து வாங்க மாட்டார்கள், மருந்தைத்தான் விட்டுவிடுவார்கள். எங்கள் மருத்துவமனையின் மாலை நேர ஓ.பி. அவர்களுக்காகவே நடக்கிறது. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் வீடு தேடி மாத்திரை கொடுத்துவருவது பெரும் உதவி. ஆனாலும் மாத்திரை உண்பவரைக் குறிப்பிட்ட இடைவெளியில் உட்காரவைத்துப் பார்க்க ஒருவர் வேண்டியிருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. அந்தப் பெருந்தொகை தேவைப்படும் நிலைக்கு ஒருவர் போகாமல் தடுக்கும் சின்னச் சின்ன வேலைகளுக்குத்தான் பணம் கொடுக்க ஆளில்லை.

அவற்றில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். சர்க்கரை நோய் நெடுநாள் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். ஐஸ் கட்டியும் மீன் கழிவும் கலந்த தண்ணீரில் ரப்பர் செருப்போடு நிற்பவருக்கு, உள்ளங்காலில் முள் தைத்தாலும் ஆணி குத்தினாலும் வலிப்பதில்லை. வலி இல்லாததால் அவர் அதைப் பார்ப்பதுமில்லை. கால் வீங்கி நாற்றம் வரும்போதுதான் வீட்டார் கவனிக்கிறார்கள். வாரத்தில் சில மாலைகளில் எங்கள் மருத்துவமனையில் பாதப் பிரிவு நடக்கிறது. சிஸ்டர் ஒரு முக்காலியில் தாழ உட்கார்ந்து, நோயாளியின் காலைத் தம் மடிக்கு நேராக ஒரு பலகையில் வைத்துக்கொள்கிறார். 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும் ஒரு நைலான் இழையைப் பாதத்தின் பல இடங்களில் தொட்டு, நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, “தெரியுதா ஐயா?” என்று கேட்கிறார். தெரியாத இடங்களை அட்டையில் வரைந்த பாதப் படத்தில் சிவப்பு மையால் குறிக்கிறார். புண் உள்ளவருக்குப் பழைய கட்டை சலைன் ஊற்றி நனைத்து, பிய்த்து இழுக்காமல் பொறுமையாக எடுத்து, ஓரத்தில் தடித்த தோலைச் சீவி, புண்ணின் நீள அகலத்தை அளந்து எழுதி, புதுக் கட்டுப் போடுகிறார். ஒருவருக்கே அரை மணி நேரம் ஆகிவிடுகிறது. ஆறிய பின் பாதத்துக்கு மெத்தென்று இருக்கும் எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடி தருகிறோம். மீண்டும் புண் வராமல் காப்பதில் அந்தச் செருப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

இதில் விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லை. பஞ்சு, காஸ் துணி, சலைன், செருப்பு, ஒரு சிஸ்டரின் மாத ஊதியம், அவ்வளவுதான். ஆனால் இந்த ஐந்துக்கும் நன்கொடை கேட்டு நான் போன இடங்களில், “வேறு ஏதாவது சொல்லுங்கள், கல்வெட்டு வைக்கிற மாதிரி” என்ற பதிலைப் பல முறை கேட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வங்கிக் கணக்கில் போதிய பணம் இருந்த ஒரு சமயத்தில், அது முழுவதும் ஸ்கேன் கருவிக்கென்று குறிப்பிட்டுக் கொடுக்கப்பட்டதால், ஊதியத்துக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க வழியில்லாமல் போனது. பாதப் பிரிவைப் பார்த்துவந்த சிஸ்டர் இரண்டு மாதம் பொறுத்துவிட்டு வேறு மருத்துவமனைக்குப் போனார். இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர், அவரைக் குறை சொல்ல முடியாது. புதியவர் வரும் வரை அந்தப் பிரிவு மூடிக் கிடந்தது. அதற்குள் வந்து போய்க்கொண்டிருந்தவர்களில் பலர் நின்றுவிட்டார்கள். புது வண்ணாரப்பேட்டைப் பெரியவர் ஒருவர், ஆறிக்கொண்டிருந்த புண்ணோடு போனவர், அடுத்த முறை வந்தபோது இரண்டு விரல்கள் இல்லை. புதிய ஸ்கேன் கருவி அதே கட்டடத்தில் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தது.

டயாலிசிஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் யோசனை நல்ல எண்ணத்தில் எழுந்தது. ஒரு நோயாளிக்கு வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் சிகிச்சை நடக்க வேண்டும். ஒரு முறைக்கு மட்டும் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் கருவிக்குள் ஓடுகிறது. நிலத்தடி நீர் உப்பேறிப்போன நம் கடலோரப் பகுதியில் அந்தத் தண்ணீரை ஆயத்தம் செய்யும் ஆர்.ஓ. சாதனத்தின் சவ்வுகள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பயிற்சி பெற்ற டெக்னீஷியன், பராமரிப்பு ஒப்பந்தம், மின்சாரம், ஊசி மருந்து ஆகியவை எல்லாம் கருவி வந்த மறுநாளிலிருந்து ஒவ்வொரு மாதமும் கேட்கும் செலவுகள். கருவியின் விலையை ஒரு முறை கொடுத்துவிடலாம்; அதை ஓட்டும் செலவை யார் ஏற்பது என்று முடிவு செய்யாமல் ஒரு நோயாளியை அதில் படுக்கவைப்பது சரியன்று என்பது எங்கள் மருத்துவர்களின் கருத்து. டயாலிசிஸைப் பாதியில் நிறுத்த முடியாது.

அன்றாடச் செலவுக்குக் கொடுப்பது நமக்குப் புதிதன்று. திருவொற்றியூர்த் தியாகராசர் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: நந்தா விளக்கு எரிக்க நினைத்தவர்கள் விளக்கை மட்டும் வாங்கி வைத்துவிட்டுப் போகவில்லை, அது அணையாமல் எரிய நெய் வேண்டுமே என்று ஆடுகளை விட்டார்கள். ஒரு விளக்குக்கு 90 என்றும் 96 என்றும் ஆடுகள் விடுவது அக்காலத்து வழக்கம். ஆட்டை வாங்கிக்கொண்டவர் நாள்தோறும் இவ்வளவு நெய் அளக்க வேண்டும் என்பதையும் கல்லிலேயே வெட்டிவைத்தார்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று ஓர் ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. அதில் படுக்கைகள் 15. நான் அதைப் படித்து வியந்தது படுக்கை எண்ணிக்கையை அல்ல. மருத்துவருக்கு எவ்வளவு நெல், அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மூலிகை கொண்டுவரும் இருவருக்கும் பணிவிடை செய்யும் பெண்கள் இருவருக்கும் நாவிதருக்கும் எவ்வளவு, இரவு முழுதும் எரியும் விளக்குக்கு எவ்வளவு எண்ணெய் என்று அதில் ஒதுக்கியிருக்கிறார்கள். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் இருக்கின்றன. ஒரு மருத்துவமனையின் வரவு செலவுத் திட்டம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்குப் பின் கணக்கு எழுத உட்காரும் எனக்கு அதில் சேர்க்கவேண்டிய தலைப்பு ஒன்றிரண்டுதான் தோன்றியது.

நம் பகுதியின் மருத்துவ வரலாறும் கொடையில் தொடங்கியதே. 1780களின் தொடக்கத்தில் பஞ்சம் வந்தபோது கறுப்பர் நகரத்து (இன்றைய ஜார்ஜ் டவுன்) மதிலுக்கு வடக்கே கஞ்சி ஊற்ற எழுந்த மணியக்காரர் சத்திரத்தோடு சேர்ந்து வளர்ந்த மருத்துவமனைதான், 1930களில் ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது; கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை ராஜா சர் இராமசாமி முதலியாரின் கொடை. வட சென்னையில் பிறந்த நம்மில் பலர் கண் திறந்தது அங்கேதான். 1888இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மருத்துவர் மெட்டில்டா மக்பைல் பெண்களுக்கென்று சிறிய அளவில் தொடங்கிய பணிதான் 1914இல் ரெய்னி மருத்துவமனையாக எழுந்தது. அவர்கள் எழுப்பிய கட்டடங்களைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவற்றுள் நூறு ஆண்டுகளாகத் துணி துவைத்தவர்களுக்கும் கஞ்சி காய்ச்சியவர்களுக்கும் மாதச் சம்பளம் கொடுத்தவர்கள் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. ஆனாலும் அவர்கள் கொடுத்தார்கள்.

உங்களுக்கு நான் மகமையை விளக்க வேண்டியதில்லை. விற்ற மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்துப் பள்ளிக்கூடமும் சத்திரமும் நடத்திய தென்மாவட்ட வணிகக் குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் சங்கங்களில் நிறையப் பேர். அதே முறையை மருத்துவமனைக்குக் கொண்டுவரும்படி வேண்டுகிறேன். 300 கடைகள் மாதம் 500 ரூபாய் வீதம் கொடுத்தால் மாதம் 1,50,000 ரூபாய், ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வரும். மாடிப் பிரிவு கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை. எங்களுக்கு அதன் பயன் அதன் அளவில் இல்லை. வரும் தேதியில் இருக்கிறது. ஐந்தாம் தேதிக்குள் பணம் வரும் என்ற உறுதி இருந்தால், நான் ஓர் ஆளை மூன்று ஆண்டுகளுக்கு வேலைக்கு அமர்த்த முடியும். மருந்தைக் கடனில் வாங்காமல் ரொக்கத்துக்குப் பேரம் பேசி வாங்க முடியும். லேப் பரிசோதனைக்கான ரசாயனங்களைக் காலாவதியாகாத அளவில் பிரித்துப் பிரித்துத் தருவிக்க முடியும். வணிகம் செய்பவர்களுக்கு முன்பணத்தின் மதிப்பை நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

இந்தத் தொகையில் ஒரு பங்கைக் காசநோயாளிகளின் வீடுகளுக்கு உணவுப் பையாக அனுப்ப வேண்டும் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். குறுகிய அறைகளில் ஐந்தாறு பேர் படுக்கும் நம் பகுதிகளில் ஒருவருக்கு வந்தால் அடுத்தவருக்குத் தொற்றுவது எளிது. மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. ஊட்டச்சத்துக்கென்று நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாயும் போடுகிறது. ஆனால் அந்த வீட்டிலுள்ள மற்றவர்களின் தட்டில் என்ன இருக்கிறது என்பதும் நோயைத் தீர்மானிக்கிறது. ஜார்க்கண்டில், நம் சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பங்களிப்போடு, 2,800 நோயாளிகளின் குடும்பங்களில் ஓர் ஆய்வு நடந்தது. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பும் கூடவே சத்து மாத்திரையும் கொடுத்த வீடுகளில், புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது என்று 2023இல் அதன் முடிவு வெளிவந்தது. அரிசியும் பருப்பும்! உங்களில் மளிகை வியாபாரம் செய்பவர்கள் இதைக் கொள்முதல் விலைக்கே தர முடியும். சிகிச்சை நடக்கும் ஆறு மாதமும் தடையில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. முதல் மாதம் விழா நடத்திக் கொடுத்துவிட்டு மூன்றாம் மாதம் நின்றுபோகும் பை ஒருவருக்கும் பயன்படாது.

கொடுப்பவர்கள் கணக்குக் கேட்க வேண்டும், அதுதான் முறை. மாத வரவையும் செலவையும் ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்துக்கு அருகே பலகையில் எழுதிவைக்கிறோம். உங்கள் சங்கங்கள் தேர்ந்தெடுக்கும் இருவர் கொள்முதல் குழுவில் உட்காரட்டும். விலைப்புள்ளிகளைத் திறக்கும்போது அவர்கள் எதிரிலேயே திறக்கிறோம். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் பெற மாட்டோம். வருமான வரிச் சலுகை வேண்டுபவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாகத் தர வேண்டும். புதிய வரிமுறையில் இருக்கும் தனிநபர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு மனவருத்தம் வரக் கூடாது.

எங்கள் பக்கத்திலிருந்தும் சில வேண்டுகோள்கள் உண்டு. கசப்பாக இருந்தாலும் தொடக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது. நன்கொடையாளரின் சீட்டோடு வருபவர் என்பதற்காக வரிசையில் ஒருவரை முன்னே விட எங்களால் இயலாது. உங்கள் கடை ஊழியரும் அவருக்கு முன்னால் வந்த மீன்கார அம்மாவும் எங்களுக்கு ஒன்றே. வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளை அட்டையோடு கொண்டுவந்து தராதீர்கள். அவை எந்த வெயிலில் இருந்தன என்று தெரியாமல் இன்னொருவருக்குக் கொடுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. உணவுப் பை வாங்குபவரை நிறுத்திப் புகைப்படம் எடுக்க வேண்டாம். காசநோய் என்றதும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உரிமையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெண்ணுக்கு வந்த சம்பந்தம் தவறிப்போன வீடுகளை நான் அறிவேன். வேண்டுமானால் மூட்டைகளைப் படம் எடுங்கள், கணக்குப் பலகையைப் படம் எடுங்கள்.

மணலியிலும் எண்ணூரிலும் உள்ள பெரும் ஆலைகள் கொடுக்க மாட்டார்களா என்றும் கேட்பீர்கள். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, அதன் வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் கடந்த மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாம் இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்பதும் அச்சட்டத்திலேயே இருக்கிறது. தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள் வரை நீளும் தொடர் திட்டங்களுக்கும் விதிகளில் இடமுண்டு. ஆகவே அவர்களிடமும் மாதாந்தரச் செலவுக்கே கேட்கப்போகிறேன். அந்த ஆலைகளின் புகையையும் லாரிகளின் தூசியையும் சுவாசிக்கும் மக்களுக்கு நெஞ்சுச் சளிக்கும் இழுப்புக்கும் ஒரு மாலைநேரப் பிரிவு நடத்துவது அவர்கள் கடமையில் சேர்ந்தது என்றே கருதுகிறேன். ஆனால் உள்ளூர்க் கடைக்காரர்கள் முந்நூறு பேர் மாதந்தோறும் கொடுக்கிறார்கள் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆலை வாசலில் ஏறுவதற்கும், வெறுங்கையோடு ஏறுவதற்கும் வேறுபாடு உண்டு. உங்கள் கொடை அந்த வகையிலும் எங்களுக்கு வேண்டும்.

மாடிப் பிரிவை ஒரேயடியாக மறுக்கிறேன் என்று எண்ண வேண்டாம். கீழ்த்தளத்தில் இப்போது இருக்கும் பிரிவுகள் ஓராண்டு முழுவதும் ஒரு நாளும் மூடாமல் நடக்கட்டும். சிஸ்டர்களும் லேப் டெக்னீஷியனும் மாறாமல் இருக்கட்டும். அதன் பிறகும் இடம் போதவில்லை என்றால், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம் என்ற பதிவேட்டோடு நானே உங்களிடம் வந்து கட்டடம் கேட்பேன்.

பொதுக்குழுக் கூட்டத்தில் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால், கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்குகளோடும் பாதப் பிரிவின் பதிவேட்டோடும் வருகிறேன். எங்கள் தலைமை மருத்துவரும் உடன் வருவார். அதற்கு முன் நேரில் பார்க்க விரும்புபவர்கள், மாலை ஓ.பி. நடக்கும் எந்த நாளிலும் ஐந்து மணிக்கு மேல் வரலாம். மகமைத் தொகையை எந்த மாதத்திலிருந்து தொடங்கலாம், ஒவ்வொரு தெருவிலும் வசூலிக்கும் பொறுப்பை யார் ஏற்பது என்ற இரண்டையும் அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கௌரவப் பொருளாளர்,
அறக்கட்டளை மருத்துவமனை,
தண்டையார்பேட்டை, சென்னை